காஸ்டிக் இல்லாத சோப்பு

“காஸ்டிக் சோடா இல்லாம சோப்புப் பண்ண முடியாதுங்களா?”

மகுடேஸ்வரி கேட்ட முதல் கேள்வி அதுதான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

சபூரா எழுந்து வந்தாள். மகுடேஸ்வரியின் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டாள். குழாயைத் திறந்தாள்.

“கழுவுங்க.”

மகுடேஸ்வரி கழுவினாள். இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்தாள். பிசைந்தாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. எண்ணெய் அப்படியே இருந்தது.

“போகலீங்க அம்மிணி.”

“ஆமா, காஸ்டிக் சேராத எண்ணெய்” என்றாள் சபூரா. குழாயை மூடினாள்.

*

சபூராவின் வீடு ஆனைமலையில், எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் இருந்த சந்தில் கடைசி வீடு. பின்பக்கம் ஓர் அறை. அதை ஒட்டி ஒரு முற்றம். அறைக்குள் ஒரு தராசு, நீளமான மேசை, சுவரெல்லாம் மரத்தட்டுகள். தட்டுகளில் சோப்புகள் காய்ந்துகொண்டிருக்கும்.

அவளுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள். வந்ததும் எல்லோரும் கேட்பார்கள். கடலை எண்ணெயில் வருமா, பால் ஊற்றலாமா, சிவப்பு நிறம் எப்படி வரும், வாசனை எப்போது சேர்ப்பது. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் ஒரு நாள் முழுக்கக் கேட்டார். சாயங்காலம் நிறைந்த மனத்துடன் திரும்பிப் போனார். அவர் கடைசிவரை கரண்டியைத் தொடவில்லை.

“வாயால சொன்னா வாங்கி வெச்சுட்டுப் போயிடறாங்க” என்று சபூரா தன் கணவனிடம் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு வாயால் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள்.

மகுடேஸ்வரி கோட்டூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். நாற்பதுகளின் நடுவில் இருந்தாள். முந்தானையைத் தலைமேல் போட்டு, இடது கன்னத்தை மறைத்து, நுனியைப் பல்லில் கடித்திருந்தாள். பேசும்போது மட்டும் விடுவாள். பேசி முடித்ததும் மறுபடி கடித்துக்கொள்வாள்.

“முந்தானையை எடுத்து இடுப்பில சொருகுங்க” என்றாள் சபூரா.

மகுடேஸ்வரி அசையவில்லை.

“காஸ்டிக் கிட்ட துணி தொங்கக் கூடாது.”

“இன்னிக்குச் சும்மா பாக்கத்தானுங்க வந்தேன்.”

“பாக்கறவங்களுக்கும் அதேதான்.”

மகுடேஸ்வரி வாசலைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இறக்கினாள். இடுப்பைச் சுற்றி வரிந்து, இறுக்கிச் சொருகினாள்.

இடது கன்னத்தின் தோல் உருகி இறங்கி, கழுத்தோடு ஒட்டியிருந்தது. காது இருந்த இடத்தில் ஒரு மடிப்பு மட்டும் மிச்சம்.

சபூரா பார்த்தாள். வெகுநேரம் பார்க்கவும் இல்லை. சட்டென்று வேறு பக்கம் திரும்பவும் இல்லை. உள்ளே போய்ப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்தாள்.

மகுடேஸ்வரி போட்டுப் பார்த்தாள். வலது பக்கம் நின்றது. இடது பக்கம், மாட்ட இடமில்லாமல் நழுவியது. மறுபடி மாட்டினாள். மறுபடி நழுவியது.

“குடுங்க.”

சபூரா அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய துணியிலிருந்து எலாஸ்டிக்கை உருவி எடுத்து, கண்ணாடியின் இரண்டு முனைகளிலும் வைத்துத் தைத்தாள். நிதானமாகத் தைத்தாள். அவ்வளவு நேரமும் மகுடேஸ்வரி வெளிச்சத்தில், திறந்த முகத்துடன் நின்றாள். வெளியாள் ஒருத்தியின் முன்னால் அப்படி நின்று பல வருஷங்கள் ஆகியிருந்தன.

“இறுக்கமா இருக்கா?”

“செரியா இருக்குதுங்க.”

*

“எங்கூட்ல பெரிய அலுமினியச் சட்டி ஒண்ணு இருக்குதுங்க. அதுல பண்ணலாங்களா?”

சபூரா ஒரு பழைய அலுமினிய மூடியைக் கொண்டுவந்து முற்றத்துக் கல்லில் வைத்தாள். கெட்டியான புட்டி ஒன்றைத் திறந்து, கரைத்து வைத்திருந்த காஸ்டிக் தண்ணீரில் கொஞ்சம் அதில் விட்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சீறியது. நுரை பொங்கியது. மூடி கறுத்து, அரித்து, புகைந்தது.

“இதனாலதான் எவர்சில்வர்” என்று சொல்லித் திரும்பினாள் சபூரா.

பின்னால் யாரும் இல்லை.

வாசலில் செருப்பு மட்டும் கிடந்தது. மகுடேஸ்வரி வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருந்தாள்.

சபூரா செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

மறுநாள் காலையில் மகுடேஸ்வரி வந்தாள். வெறுங்காலோடுதான் வந்தாள்.

“செருப்பு எடுக்க வந்தீங்களா?”

“இல்லீங்க. சோப்புப் பண்ண வந்தேன்.”

அவளே முந்தானையை எடுத்து இடுப்பில் சொருகினாள்.

*

சபூரா அவளுக்கு டீ கொடுக்க எழுந்தாள். மகுடேஸ்வரி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஆட்டிய வேகத்தில் சபூராவுக்கு ஏதோ புரிந்தது. டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். மகுடேஸ்வரி பிறகுதான் அதை எடுத்துக் குடித்தாள்.

“கடையில சோப்பு இருக்கு” என்றாள் சபூரா. “எங்கிட்டயும் இருக்கு. வாங்கிட்டுப் போயிடலாம். எதுக்குக் கத்துக்கணும்?”

மகுடேஸ்வரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நான் தண்ணி கேட்டனுங்க.”

சபூரா காத்திருந்தாள்.

“எம்பொண்ணு தாரணி அப்ப கைக்கொழந்த. பால் குடுத்துத் தொட்டில்ல போட்டுட்டு, அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். எந்திரிக்க முடியல. கொஞ்சம் தண்ணி கொண்டாங்கன்னு அவரைக் கேட்டேன். காலைல இருந்து சண்டை. ஆனாலும் கேட்டேன். டம்ளர்லதான் கொண்டாந்தாரு. நானு நிமிந்து பாத்தேன்.”

மகுடேஸ்வரி டம்ளரை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தாள்.

“அவரு ஜெயிலுக்குப் போனாரு, வந்தாரு. இப்ப எங்கயோ இருக்காரு. அது முடிஞ்சு போச்சுங்க. எம்பொண்ணு காலேஜு போறா. போன மாசம் எனக்குக் காச்சல். கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அவ தண்ணி கொண்டாந்து, ‘அம்மா’ன்னா. கண்ணைத் தொறந்தேன். மேல டம்ளர் தெரிஞ்சுது. ஒரே தட்டு. டம்ளர் போயி அவ நெத்தியில பட்டுருச்சு.”

“அடிபட்டுச்சா?”

“ரத்தம் வந்துருச்சுங்க. அது மொதத் தடவையும் இல்ல. அவ அழுகல. எம்மேல கோவமும் படல. இப்பெல்லாம் தண்ணியைக் கீழ வெச்சுட்டு, எட்டி நின்னு, ‘அம்மா, தண்ணி வெச்சிருக்கேன்’னு சொல்லிட்டுப் போயிர்றா. நாய்க்கு வெக்கறாப்புல.” மகுடேஸ்வரி நிறுத்தினாள். “அவ நல்லதுக்குத்தான் அப்படிப் பண்றா. என்னாலதான் தாங்க முடியல.”

“அதுக்கு சோப்பு?”

“சோப்புல போடறதும் அந்த ஆசிட்டு மாதிரியே எரிக்கற சாமானம்னு சொன்னாங்க. அதையே கையில எடுத்துட்டேன்னா, ஒரு டம்ளர் தண்ணிக்குப் பயப்பட மாட்டேனுங்க.”

சபூரா மேசையில் சிந்தியிருந்த டீயைத் துணியால் துடைத்தாள்.

மகுடேஸ்வரி கேட்டாள்: “அது மேல பட்டுட்டா என்ன பண்றதுங்க?”

“தண்ணி ஊத்தணும்.”

“வினிகர் ஊத்தணும்னு போன்ல பாத்தேன்.”

“தண்ணிதான். நிறைய. நிறுத்தாம.”

மகுடேஸ்வரியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. “அன்னிக்கு ஆரும் தண்ணி ஊத்தலீங்க. பக்கத்து வீட்ல மஞ்சத்தூளக் கொண்டாந்து அப்பினாங்க.”

சபூரா எழுந்தாள். எவர்சில்வர் ஜக்கு ஒன்றில் தண்ணீர் நிறைத்தாள். இன்னொரு காலி ஜக்கைப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல இருந்து அதுல ஊத்துங்க.”

“காஸ்டிக்?”

“தண்ணி.”

*

அன்று முழுக்க அவள் தண்ணீர் ஊற்றினாள். மறுநாளும் அதுதான் வேலை. சபூரா பக்கத்தில் வந்து நிற்பாள், மகுடேஸ்வரியின் தோள் எகிறும், தண்ணீர் சிந்தும். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவாள்.

பிறகு சபூரா ஊற்றினாள், மகுடேஸ்வரி காலி ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. சபூராவின் கை உயரும்போதெல்லாம் மகுடேஸ்வரி கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஜக்கு இரண்டு முறை கீழே விழுந்தது.

“எப்பங்க காஸ்டிக்கத் தருவீங்க?”

“கண்ணு தொறந்திருக்கும்போது.”

மகுடேஸ்வரிக்குக் கோபம் வந்தது. “நாளைக்குத் தொறந்திருப்பேன்” என்றாள்.

மறுநாள் திறந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அதே முதல் பஸ்ஸில் வந்தாள். ஒரு நாள் மழையில் நனைந்து வந்தாள். ஒரு நாள் சபூரா வீட்டில் இல்லை, ஆழியாறு வரை போயிருந்தாள். திரும்பி வந்தபோது, மகுடேஸ்வரி முற்றத்தில் தனியாக நின்று, ஒரு ஜக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் சபூரா ஊற்றினாள். தண்ணீர் ஜக்கின் விளிம்பு வரை வந்தது. மகுடேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்களை மூடாமல். கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது, ஆனாலும் பார்த்தாள்.

சபூரா தராசை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

*

“தராசு எதுக்குங்க? எங்கம்மா எல்லாத்தையும் கைக்கணக்குலதான் போடுவாங்க.”

“குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“தண்ணி ஊத்துவேன். இல்லாட்டி உருளைக்கெழங்கு போடுவேன்.”

“இதுல கூடிப்போச்சுன்னா?”

மகுடேஸ்வரி யோசித்தாள். தராசைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

எண்ணெயை நிறுத்தாள். தண்ணீரை நிறுத்தாள். கையுறை போட்டுக்கொண்டு காஸ்டிக்கை நிறுத்தாள். வெள்ளையாக, சின்னச் சின்னச் செதில்களாக இருந்தது. கல் உப்பைவிட அழகாக இருந்தது.

“எதுல எதைப் போடறதுங்க?”

“தண்ணியில காஸ்டிக்க. காஸ்டிக்ல தண்ணி ஊத்தக் கூடாது.”

“ஊத்தினா?”

“மூஞ்சிக்கு வரும்.”

சபூரா அதை மென்மையாக்கிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மகுடேஸ்வரி தலையாட்டினாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். தண்ணீரில் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினாள். அடுப்பில்லாமலே பாத்திரம் சுட்டது. லேசான புகை எழுந்து ஜன்னலை நோக்கிப் போனது.

காஸ்டிக் இருந்த கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மகுடேஸ்வரி அதைத் தண்ணீரில் போடாமல், கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

சபூரா கிண்ணத்தைப் பார்த்தாள். எண்ணெய்ப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள்.

கரைசல் ஆறிய பிறகு எண்ணெயில் சேர்த்தாள். கலக்கினாள்.

“எவ்வளவு நேரம் கலக்கறதுங்க?”

சபூரா கரண்டியை வாங்கி, கலவையின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கோடு உடனே மறைந்தது.

“இது நிக்கற வரைக்கும்.”

வெகுநேரம் கலக்கினாள். தோள் வலித்தது. கலவை கெட்டியானது மாதிரி இருந்தது, முழுக்க ஆகவில்லை. கடைசியில் ஏதோ ஒரு கோடு நின்றது. அச்சில் ஊற்றினாள்.

*

அந்தச் சோப்பு இறுகவே இல்லை.

நாட்கள் போயும் விரல் வைத்தால் விரல் உள்ளே போனது. மேலே எண்ணெய் மினுமினுத்தது.

“ஏனுங்க இறுகல?”

“நீங்கதான் சொல்லணும்.”

மகுடேஸ்வரி அச்சையே பார்த்தாள். “கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டனுங்க.”

“ஏன்?”

“கம்மியாப் போட்டா கம்மியா எரியும்னு நெனச்சேன்.”

“எண்ணெய்க்கு அது தெரியாதே அக்கா. அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வேணும்.”

“இதை உருக்கி, மிச்சத்தைச் சேத்துக்கலாங்களா?”

“சேத்துக்கலாம்.”

மகுடேஸ்வரி அச்சை எடுத்தாள். பாதி தூரம் போனாள். திரும்பி வந்து அதைக் கீழே வைத்தாள்.

“இல்லீங்க. மொதல்ல இருந்து பண்றேன்.”

சபூரா புது எண்ணெய் டின்னைத் திறந்தாள்.

*

இந்தமுறை கிண்ணத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. மகுடேஸ்வரி கிண்ணத்தைக் கவிழ்த்து, விளிம்பில் தட்டி, கடைசிச் செதிலையும் தண்ணீரில் போட்டாள்.

கரைசல் தெளிந்தது. ஆறியது. பார்க்கத் தண்ணீர் போலவே இருந்தது. ஜக்கின் கைப்பிடியைப் பற்றித் தூக்கினாள்.

அப்போதுதான் பார்த்தாள். சபூரா தரையில் மணையைப் போட்டு, காய்ந்த சோப்புகளை ஓரம் சீவிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“அம்மிணி.”

“சொல்லுங்க.”

“அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கீங்க.”

“ஆமா.”

“என் கையில காஸ்டிக் இருக்குதுங்க.”

“தெரியும்.”

“கை நடுங்குது.”

“அதுவும் தெரியும்.”

சபூரா திரும்பவில்லை. கத்தி சோப்பைச் சீவும் சத்தம் மட்டும் கேட்டது. வியர்வையில் முடி கழுத்தில் ஒட்டியிருந்தது. காதுக்குக் கீழே ஒரு மச்சம். தோல் வழவழவென்று இருந்தது.

மகுடேஸ்வரி ஜக்கைப் பார்த்தாள். அந்தக் கழுத்தைப் பார்த்தாள். மறுபடி ஜக்கைப் பார்த்தாள்.

இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தரை இருந்தது.

ஜக்கில் இருந்தது அசையாமல் இருந்தது. அது தானாக அங்கே போகாது. போக வேண்டுமென்றால் இவள் திரும்ப வேண்டும். கையை ஓங்க வேண்டும். மணிக்கட்டை வீச வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், வேண்டும் என்று நினைக்க வேண்டும்.

அவள் தன் கையைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது எங்கேயும் போகப் பார்க்கவில்லை. ஜக்கு கனக்கிறது, வலிக்கிறது, அவ்வளவுதான் அந்தக் கைக்கு.

இத்தனை வருஷமாக அவள் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்று பார்த்ததே இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. சபூரா அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஜக்கை மெல்லச் சாய்த்தாள். மெல்லிய கம்பி போல எண்ணெயில் இறங்கியது. ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

“ஊத்திட்டனுங்க.”

“கலக்குங்க” என்றாள் சபூரா. அப்போதும் திரும்பவில்லை.

கலக்கினாள். கலவை வெளுத்தது, கெட்டியானது, தோசை மாவு போல ஆனது. மகுடேஸ்வரி கரண்டியால் ஒரு கோடு இழுத்தாள்.

கோடு நின்றது.

*

சோப்பு இறுகியது. அறுத்துத் தட்டில் அடுக்கினார்கள்.

“இப்பப் போட்டுக் குளிக்கலாங்களா?”

“கடிக்கும்.”

“எப்பக் கடிக்காது?”

“காஞ்ச பிறகு. சில வாரம் ஆகும்.”

“வேகமாக் காய வெயில்ல வெக்கலாங்களா?”

சபூரா தட்டை எடுத்து நிழலில், காற்று வருகிற இடத்தில் வைத்தாள்.

மகுடேஸ்வரி வாரம் ஒருமுறை வந்து சோப்புகளைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். ஒரு தடவை ஒரு கட்டியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தாள்.

“அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? அத்தனை காஸ்டிக்கப் போட்டோமே. அது எங்க போச்சு?”

சபூரா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தனை எண்ணெய் ஊத்தினோமே” என்றாள். “அது எங்க போச்சு?”

மகுடேஸ்வரி சோப்பை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

அன்று கோட்டூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். முந்தானை காற்றில் நழுவியது. சரி பண்ணிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஊர் வந்த பிறகுதான் தோன்றியது. அப்படியே இறங்கிவிட்டாள்.

*

சோப்பு தயாரான அன்று தாரணியும் வந்திருந்தாள். உயரமான பெண். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை. சபூராவின் வீட்டு முற்றத்தில் அம்மா முகத்தை மூடாமல் நடமாடுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“உள்ள காஸ்டிக் மிச்சம் இருந்தா எப்படித் தெரியுமுங்க?” என்று கேட்டாள் மகுடேஸ்வரி.

“நாக்கு நுனியில வெச்சுப் பாருங்க. இருந்தா சுருக்குன்னு கடிக்கும்.”

“அம்மா, வேண்டாம்” என்றாள் தாரணி.

மகுடேஸ்வரி ஒரு கட்டியை எடுத்து ஈர விரலால் தேய்த்தாள். விரலை நாக்கில் வைத்தாள்.

“கடிக்குதா?” என்றாள் சபூரா.

மகுடேஸ்வரி முகத்தைச் சுளித்தாள். “சோப்பாட்டந்தான் இருக்குது.”

சபூரா சிரித்துவிட்டாள். இத்தனை நாளில் அவள் சிரித்து மகுடேஸ்வரி பார்த்ததில்லை. தாரணியும் சிரித்தாள்.

“முகத்துக்குப் போடலாங்களா?”

சபூரா முற்றத்து ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. விளிம்பில் ஒரு மக்கு தொங்கியது.

மகுடேஸ்வரி கல்லில் உட்கார்ந்தாள். முகத்தை நனைத்துக்கொண்டாள். சோப்பை உள்ளங்கையில் உரைத்தாள். நுரை வந்தது. நிறைய வந்தது. வலது கன்னத்தில் போட்டாள். நெற்றியில் போட்டாள். கொஞ்சம் தயங்கி, இடது கன்னத்தில் போட்டாள். எரியவில்லை. கழுத்து வரை தேய்த்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்களோடு மக்குக்காகக் கையை நீட்டினாள். வாளியின் விளிம்பைத் தடவினாள். மக்கு அங்கே இல்லை.

சபூரா அதை எடுத்து, தண்ணீர் மொண்டு, தாரணியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தாள்.

தாரணி மக்கோடு நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போன சபூராவைத் தேடினாள். வழக்கம்போல எட்டி நின்று குனிந்தாள்.

“அம்மா, தண்ணியைக் கீழ வெக்கறேன்.”

“வெக்காத.”

உதட்டில் நுரை இருந்தது. மகுடேஸ்வரி துப்பிவிட்டுச் சொன்னாள்:

“கிட்ட வா.”

காலடிச் சத்தம் வந்தது. பக்கத்தில் வந்து நின்றது. மக்கில் தண்ணீர் தளும்பும் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. மகுடேஸ்வரியின் தோள் ஒருமுறை எகிறியது. இரண்டு கைகளாலும் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா... ஊத்தட்டுமா?”

மகுடேஸ்வரி முகத்தை நிமிர்த்தினாள்.

“மூஞ்சியிலயே ஊத்து, கண்ணு.”